ஜன்னலை அடைத்த பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலை கூடப் போட மாட்டார். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அவருக்கு வேறொன்று இருந்ததை யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? "மாப்பிள்ளை பழைய ஸ்பீக்கரா வாங்கிச் சேத்து வெக்கிறாரு" என்று யாராவது சொன்னால் அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தவா போகிறார்கள்? வீட்டில் நாலு பாட்டுக் கேட்கும், நல்லதுதானே என்றிருப்பார்கள்.

அவருக்கு அரியலூரில் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பழுது பார்க்கிற வேலை. எழுபதுகளில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரேடியோ அறை இருக்கும். மேலே கட்டின ஸ்பீக்கரில் சாயங்காலம் செய்தியும் வேளாண்மை நிகழ்ச்சியும் கேட்கும். அது வாயை மூடிக்கொண்டால் இவர் சைக்கிளில் போய்த் திறந்துவைத்துவிட்டு வருவார். சம்பளத்துக்குச் செய்தது அது. ஆசைக்குச் செய்ததுதான் என் தலையில் விழுந்தது. பெரம்பலூர்ப் பக்கம் ஏதாவது பெரிய வீட்டில் பழைய ரேடியோகிராம் ஓடாமல் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மறுநாளே பஸ் ஏறிவிடுவார். தேக்குப் பெட்டி, வால்வு, ரெக்கார்டு தட்டு எதையும் கண்டுகொள்ள மாட்டார். உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைத்தான் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்குவார். அதன் காகிதத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். "இப்போ வர்றதெல்லாம் கத்துது. இதுதான் பேசுது" என்பார்.

அப்படிப் பேசுகிறவை எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கட்டிலுக்குக் கீழே, பரண்மேல், அரிசி டின்னுக்குப் பக்கத்தில். ஊமையாகத்தான் வரும். சரிசெய்து பேசவைத்த பிறகும் இடத்தைக் காலி செய்யாது.

சந்தைக்குப் போகிற தெருவில் வீடு. முன்னறை ஒன்று, அதற்குப் பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றடி. கிணற்றடியைச் சுற்றி அடுத்த வீடுகளின் முதுகுச் சுவர். தலையைத் தூக்கினால் வானம் மட்டும் தெரியும். தெருவைப் பார்க்க முன்னறையில் ஒரே ஒரு ஜன்னல். பழைய காலத்து ஜன்னல், தரையிலிருந்து ஒரு முழத்தில் ஆரம்பித்துத் தலைக்கு மேல் வரை போகும், நெட்டுக் கம்பி போட்டது. அதற்குப் பக்கத்திலேயே வாசல். வாசலை அடைத்துக்கொண்டு நாத்தனாரின் தையல் மிஷின்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஜாக்கெட் தைத்தே தம்பியை ஆளாக்கியவர். வெளிச்சம் வேண்டும் என்று வாசலில் மிஷினைப் போட்டிருந்தார். விடிந்து அது கடகடக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துதான் நிற்கும். நான் வெளியே போக வேண்டுமென்றால் அவர் எழுந்து மிஷினை நகர்த்த வேண்டும். நகர்த்தும்படியாக எனக்கு வெளியே என்ன வேலை என்பது அவர் கேள்வி. கடைக்குத் தம்பி போவான், கோயிலுக்கு அவரோடு போனால் போதும். கீழப்பழுவூரில் வயக்காட்டிலும் வரப்பிலும் ஓடித் திரிந்தவள் நான். முதல் மாதத்தில் அந்த வீட்டில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று எண்ணுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பிறந்த வீட்டுக்கும் வழியில்லை. அதற்குக் காரணமும் ஒரு ஸ்பீக்கர்தான்.

கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது பெண்ணைப் பெற்றவர் பந்தல் வாசலில் நின்று, சந்தனம் கொடுத்து, ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். ஆயிரம் பலகாரம் போட்டாலும் அந்த ஒரு "வாங்க" இல்லையென்றால் எல்லாம் வீண். எங்கள் அப்பாவும் விடியற்காலையிலிருந்து வெள்ளை வேட்டியோடு வாசலிலேயேதான் நின்றார். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது கரகரப்பாகவே தெரியவில்லை, கல்யாணச் சத்தமாகத்தான் தெரிந்தது. ஊர் எல்லையில் வேனில் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளைக்கு மட்டும் அது காதுக்குள் ஊசியாக இறங்கியிருக்கிறது. வழியில் சைக்கிளில் போன ஒருவரிடம், "உள்ள கிழிஞ்சிருக்கு, சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அது. அப்பா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கொல்லையில் உட்கார்ந்திருந்த மைக் செட்டுக்காரரிடம் ஓடினார். அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் நாத்தனார். பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணம்தான் இருந்தது, ஆள் இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிட்டார், தாலி கட்டும்போது ஓரமாக நின்று அட்சதை போட்டார். அரியலூர் வந்து சேர்ந்த பிறகு சொன்னார்: "எங்கள வாங்கன்னு கூப்புடாத வூட்டு ஆளுங்க எங்க வாசப்படி ஏறக் கூடாது. அவரு வந்து தப்புன்னு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

அப்பா வரவில்லை. "மாப்பிள்ள சொன்ன வேலையத்தானே பாத்தேன். அதுக்குப் போயி கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று அவரும் விறைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, "நாந்தாங்க்கா சொல்லியனுப்புனேன்" என்று இழுத்தார்.

"நீ சத்தத்தத்தான கொறைக்கச் சொன்ன? மரியாதையயா கொறைக்கச் சொன்ன?"

அதோடு அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஸ்பீக்கருக்குள் போய்விட்டார். எந்தச் சண்டையிலும் அவர் போய் ஒளிகிற இடம் அதுதான். காகிதத்தில் ஒரு மயிரிழை உரசினாலும் கண்டுபிடிக்கிற காது, நான் அடுப்படியில் மூக்கை உறிஞ்சியதை மட்டும் கேட்டதே இல்லை. எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சந்தை நாளில் புளியோ முட்டையோ எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு புண்ணாக்குக் கடை. அதன் தூணோரம் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். சந்தை நாளில் நாத்தனாரைச் சுற்றிப் பெண்கள் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக மொய்த்துக்கொண்டிருப்பார்கள், அவர் ஊசியை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். நான் ஜன்னலில் நிற்பேன். அம்மா வலதுகை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவாள். சாப்பிட்டியா? நான் தலையாட்டுவேன். நானும் அதேபோலக் கையைக் குவித்துக் காட்டுவேன். அவளும் தலையாட்டுவாள், பொய்யாகத்தான் இருக்கும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் பையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்துவிடுவாள். ஒரு வாரத்துக்கு எனக்கு அது போதும். போதாது, ஆனால் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

அந்த ஜன்னலில்தான் கை வைத்தார் மனிதர்.

ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகை மூடிவிட்டதாகவும், திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டி மழையில் நனைந்து கிடப்பதாகவும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனவர் சரக்கு லாரியில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பீரோ உயரம், கட்டில் அகலம். ஆறு பேர் சேர்ந்து, மிஷினை நகர்த்தி, நிலைக்கதவைக் கழற்றி உள்ளே தள்ளினார்கள். அடுப்படிக்குள் நுழையவில்லை. பக்கச் சுவரில் சாத்தினால் படுக்க இடமில்லை. கடைசியில் ஜன்னலோடு ஒட்டி நிறுத்திவிட்டார்கள், முகம் தெருவைப் பார்க்க, முதுகு எங்களைப் பார்க்க. பழைய பெட்டிகளுக்கு முதுகு மூடியிருக்காது. வேலை பார்க்க அதுதான் வசதி என்றார்.

அறை இருண்டுவிட்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"எப்பங்க இத எடுப்பீங்க?"

"பாட ஆரம்பிச்சதும் எடுத்துடலாம். சிமெண்ட் கம்பெனி ஆபீசர் ஒருத்தர் கேட்டுருக்காரு. அவரு பங்களாவுக்குத்தான் போவுது."

"எப்பப் பாடும்?"

"அதான் தெரியல."

மேலே ஒன்று, கீழே ஒன்று, தாம்பாளம் அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள். இரண்டின் காகிதத்தையும் எலி தின்றிருந்தது. அந்த அளவுக்கு மாற்றுக் காகிதம் திருச்சியிலும் கிடைக்கவில்லை, மெட்ராஸிலும் இல்லையென்று பதில் வந்தது. இவர் மைதா பசை காய்ச்சிச் செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தார். அதைக் கரப்பான் தின்றது.

பெட்டி வந்த பிறகு முதல் சந்தை நாளில் அதன் பின்னால் போய் நின்றேன். எதிரே அம்மா நிற்கிறாளா என்று தெரியவில்லை. நின்றிருப்பாள். வெறும் பலகை தெரிந்திருக்கும். தனக்காகத்தான் ஜன்னலை அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பாள், வேறு என்ன நினைக்க முடியும்? ஒரு மனுஷி அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போகிறாள், என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியை எப்படியாவது பாடவைத்து வெளியே தள்ளுவது என்று முடிவு செய்தேன். எனக்குச் சங்கீதமும் தெரியாது, கரண்டும் தெரியாது. இருந்த வேகம் அப்படி.

பிறகு ஒருநாள் இவர் இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றிப் போட்டபோது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிழிந்த ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். அட, இது முறம்! காகிதத்தை ஊறவைத்து அரைத்து அச்சில் தட்டி எடுத்தது. எங்கள் ஊரில் முறத்துக்கும் கூடைக்கும் இப்படித்தான் மெழுகுவோம். பழைய காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, மூங்கில் இடுக்கு தெரியாமல் தடவிக் காயவைப்போம். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி கிட்டே வராது.

"இத நான் மெழுவித் தரட்டுமாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு வேறு வழியில்லாமல் சரியென்றார்.

முதலில் முறம் கணக்கிலேயே தடவிவிட்டேன். பாடவைத்தால் வாயில் களி வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. கனம் ஆகாது என்றார். உரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அரைத்தேன். மல்லுத் துணியில் வடிகட்டி, தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல விரல் நுனியால் இழுத்து இழுத்துப் பூசினேன். ஓரம் மடங்கி அசைகிற இடத்தில் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒட்டினேன். ஸ்பீக்கரின் நடுவில் காந்தத்துக்குள் ஒரு கம்பிச் சுருள் எதிலும் உரசாமல் நிற்க வேண்டும். அந்தச் சந்துக்குள் தெருவில் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி, மழை ஈரம் பட்டுக் கெட்டியாக உறைந்து போயிருந்தது. அதை அவர் சுரண்டி எடுத்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த எக்ஸ்ரே படத்தைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுற்றிலும் செருகி, சுருளை நடுவில் நிறுத்தி, காகிதம் காய்ந்த பிறகு பட்டைகளை உருவினோம். அவருக்கு என்மேல் அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது. வந்த மரியாதையோடு இன்னும் நாலு கிழிந்த ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் கைக்கு நானே வேலை தேடிக்கொண்டேன்.

இந்த வேலை நடந்த நாட்களில் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்களும் இல்லை. அவை இருந்த இடத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள். கூட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் வெளிச்சம் விழுகிறதே என்று திரும்பினேன். பெட்டிக்குள் தலையை விட்டு மேல் ஓட்டை வழியாகப் பார்த்தால் ஜன்னல் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் தெரு, புண்ணாக்குக் கடைத் தூண். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

சந்தை நாள் வந்தது. அம்மா தூணோரம் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டு, அதனால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஓட்டை வழியாகக் கையை நீட்டிக் கம்பிக்கு வெளியே விட்டேன். விரல்களைக் குவித்தேன். சாப்பிட்டியா?

என் வளையல் அவளுக்குத் தெரியும், அவள் வாங்கிப் போட்டதுதான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். நான் கையாலேயே தலையாட்டினேன். அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்காதீர்கள், செய்தேன்.

மேல் ஸ்பீக்கர் முதலில் தயாரானது. பெட்டி போய்விட்டால் ஜன்னல் முழுசாகக் கிடைத்துவிடும் என்று நானும் விறுவிறுவென்று முடித்துக்கொடுத்தேன். அவர் அதை மேல் ஓட்டையில் பொருத்தி ரேடியோவோடு இணைத்தார். யாரோ ஒருவர் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டது. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"இத எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

"ஆபீசர் கேட்டாருன்னீங்க?"

"கேப்பாரு. அவருக்குக் காது இருக்கான்னு எனக்குத் தெரியுமா? இது இங்கதான் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கி அதன் வாயில் போட்டிருப்பேன். கூட்டி மெழுகி, கை வெந்தயமாக நாறி, நானே என் ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்! இனிக் கீழ் ஓட்டை ஒன்றுதான் பாக்கி. அதையும் முடித்துக்கொடுத்தால் தீர்ந்தது.

ஆகவே கீழ் ஸ்பீக்கர் காயவே இல்லை. "இன்னும் ஈரமா இருக்குங்க." "ஓரம் பிரிஞ்சிருச்சுங்க, திரும்பப் பூசணும்." அவர் ஆபீசுக்குப் போனதும் காய்ந்ததை நனைத்துவைப்பேன். சந்தை நாளில் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து கீழ் ஓட்டையில் கையை விடுவேன். கம்பிக்கு வெளியே விரல்தான் எட்டும். அம்மாவும் தூணை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்து, கீழே விழுந்த காசைத் தேடுகிறவள்போலக் குனிந்து நின்று பதில் காட்டுவாள். இரண்டு பொம்பளைகள் ஒருவருக்கொருவர் சாப்பாடு கேட்டுக்கொள்வதற்கு என்ன பாடு!

நாத்தனார்தான் அதற்கும் முடிவு கட்டினார். அவரும் முறம் மெழுகுகிற ஊரில் பிறந்தவர்தானே. ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்: "மொறம் மெழுவுனா ரெண்டு வெயில்ல கலகலன்னு காஞ்சிடும். உன் பொண்டாட்டி தட்டு மட்டும் என்ன ஆத்துலயா கெடக்கு? பாரு தம்பி."

இவர் பார்த்தார். அன்றைக்கே அதை என்னிடமிருந்து வாங்கி, வெயிலில் தானே காவல் இருந்து காயவைத்து, கீழ் ஓட்டையில் பொருத்தித் திருகாணியை இறுக்கினார்.

அதற்குப் பிறகு எத்தனை சந்தை போனது என்று எனக்குக் கணக்கில்லை. பெட்டிக்குப் பின்னால் போய் நிற்பேன். காந்தத்தின் இரண்டு இரும்பு முதுகும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு காகிதத்திலும் என் விரல் ரேகை இருந்தது. அம்மா வருகிறாளா, வருவதை நிறுத்திவிட்டாளா, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாளா, எதுவும் தெரியாது. சோறு இறங்கவில்லை. நாத்தனாரிடம் கேட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும், மிஷின் கடகடப்பில் அங்கேயே செத்துவிடும். அந்த அறையில் மூச்சு விடுவதற்கே நாத்தனாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுபோல ஒரு பயம் எனக்குள் வந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

என் வீட்டுக்காரருக்கு அது எதுவும் தெரியாது. பெட்டிக்குத் தகுந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும், மனிதக் குரல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் வழக்கம் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நிஜம் தெரியாது என்பார். ஒரு ஆள் மைக்கில் பேச வேண்டும், இவர் தூரத்தில் போய், நல்ல இரைச்சலுக்கு நடுவில் நின்று கேட்க வேண்டும். இரைச்சலுக்குச் சந்தை நாளைவிட வேறு எது?

ஜன்னல் கதவுகளை விரியத் திறந்தார். மைக்கை என் கையில் கொடுத்தார்.

"நான் எதுத்த கடகிட்ட போயி நிக்கிறேன். நீ பேசு."

"என்னத்தங்க பேசுறது?"

"எதையாச்சும் பேசு. திருவிழாவுல மைக்குல சொல்லுவாங்கல்ல, அது மாதிரி சொல்லேன்."

மிஷினை ஒருக்களித்து நகர்த்திவிட்டு இறங்கிப் போனார். நாத்தனார் தைத்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் நாலைந்து பெண்கள். நான் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஹலோ. ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு."

என் குரல் அந்தப் பக்கம் போய்த் தெருவில் விழுந்தது. என் குரலா அது என்று எனக்கே பயமாக இருந்தது.

"நல்லா கேக்குது!" என்று தெருவிலிருந்து கத்தினார். "பேசு! நிறுத்தாத, பேசிக்கிட்டே இரு!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் என்னை யாரும் பேசச் சொன்னதில்லை. அம்மா அங்கே இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் மைக்கில் சொல்கிற வாசகம் அப்படியே வாயில் வந்தது.

"கொழந்தையத் தவறவிட்ட தாயார் எங்கிருந்தாலும் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல வரவும். கீழப்பழுவூர்லேருந்து வந்த தாயார், உங்க கொழந்த இங்கதான் இருக்கு. எங்கிருந்தாலும் ஒடனே வரவும்." அதற்குமேல் அந்த வாசகம் எனக்கு நினைவில்லை. "அம்மா, வாங்க. வூட்டுக்குள்ள வாங்க. நான் கூப்புடுறேன், வாங்க."

மிஷின் நின்றது.

பெட்டிக்குப் பின்னால் நின்ற எனக்கு அதுதான் முதலில் கேட்டது. பிறகு தெருவின் இரைச்சல் இறங்கியது. யாரோ ஒரு பெண், "யாரும்மா அது? கூப்புடுறாங்கல்ல, போயேன்" என்று சொல்வது கேட்டது. தூணோரம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், தன் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்பது மாமியார் என்று அப்போதுதான் பார்த்தாராம். இதைப் பிறகு அம்மா சொன்னாள். அவர் முதலில் சொன்ன வார்த்தை, "ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா வருதுங்க அத்தே" என்பதாம். சொல்லிவிட்டுத் தன் அக்காவைப் பார்த்திருக்கிறார். தெருவே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கேட்டது, தரையில் இரும்பு இழுபடுகிற சத்தம். நாத்தனார் மிஷினை இழுத்துச் சுவரோரம் போட்டார். ஒருக்களித்து அல்ல, முழுசாக.

"கூப்புட்டாச்சுல்ல. வெயில்ல நிக்க வெச்சுக்கிட்டிருக்க?" என்று தம்பியைத்தான் அதட்டினார்.

"வாங்க" என்றார் இவர். "வாங்கத்தே."

அம்மா செருப்பை வாசலுக்கு வெளியே வெகுதூரத்தில் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன். என்னைத் தொட்டாள். கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்புட்டியாடி?"

அது அரியலூர்ச் சந்தை முழுக்கக் கேட்டது. வெளியே கொல்லென்று சிரித்தார்கள். "மைக்க அமத்து, மைக்க அமத்து" என்று இவர் ஓடிவந்தார்.

உட்கார இடம் இல்லை, ஸ்பீக்கர்கள் கிடந்த ஒரு மரப்பெட்டியைக் காலி செய்து கொடுத்தேன். நாத்தனார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தைக்கப் போய்விட்டார். அம்மா தண்ணீரைக் குடித்தாள். பிறகு இருட்டுக்குக் கண் பழகியதும் அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க நின்னுக்கிட்டு கையக் காட்டுன?"

நான் பெட்டியின் முதுகுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கீழ் ஸ்பீக்கரைக் காட்டினேன். இதில் ஓட்டை இருந்தது, இங்கே குனிந்துகொண்டு இருப்பேன் என்றேன். அவள் குனிந்து உள்ளே கையை விட்டு, நான் மெழுகியிருந்த காகிதத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள். வெந்தயம் என்று தெரிந்துகொண்டிருப்பாள்.

"இதுக்குள்ளயாடி இருந்த, இத்தன நாளா?"

"ஆமாம்மா" என்றேன்.